கருடனும் கரும்பருந்தும்

ஊர்க் குப்பையெல்லாம் கொட்டும் அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவனுக்குக் கரும்பருந்து பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டு பட்டறை வாசலில் உட்கார்ந்தால் தலைக்கு மேல் இருபது முப்பது சுற்றும். இறக்கையை அசைக்கவே அசைக்காது; பிளவுபட்ட வாலை லேசாகத் திருப்பியே திசை மாறிவிடும். எதிர் மீன் கடைக்காரர் கொஞ்சம் கண் அசந்தால் ஒரு மீன் தலை போயிருக்கும். அந்தக் கெட்டிக்காரத்தனம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

என் மனைவி ஸ்ரீரங்கத்துக்காரி. அவளுக்குக் கருடன்தான் உசத்தி. செங்கல் நிற உடம்பும் வெள்ளைத் தலையுமாகக் காவிரி மேல் மிதந்து வந்து, தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் அது மீனை எடுத்துப்போகும்போது எனக்கும் மூச்சு நின்றுவிடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தூரத்தில் எது பறந்தாலும் அவள் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். நான் சும்மா இருப்பேனா? “வாலைப் பாரு. பிளந்திருந்தா பருந்து, வட்டமா இருந்தாத்தான் கருடன்” என்று கல்யாணமான நாளிலிருந்து திருத்திக்கொண்டே இருந்தேன். அவளும் ஒவ்வொரு முறையும் முகம் சுருங்கிக் கையை இறக்கிவிடுவாள்.

சென்ற வருடம் அவளுக்குக் கண்ணில் ஆபரேஷன். இடது கண் ஏற்கெனவே போய்விட்டது. வலது கண்ணும் மங்கிக்கொண்டே வந்தது. இந்த ஆபரேஷன் சரியாக அமையாவிட்டால் வேறு வழியில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷன் அன்று காலையில் வாசலில் ஆட்டோ நிற்க, கருடனைப் பார்க்காமல் கிளம்பமாட்டேன் என்று மொட்டை மாடியில் நின்றாள். அவளுக்குப் பயம். எனக்கும் பயம்தான்.

கடைசியில் ஒன்று வந்தது. உடம்பெல்லாம் பழுப்பு. தலையில் வெள்ளையே இல்லை.

“பருந்துதானே?” என்றாள். மங்கிய கண்ணுக்கு அந்த நிறம் மட்டும்தான் தெரிந்தது.

அது தாழ இறங்கி ஒரு சுற்றுச் சுற்றியது. வால் அழகான வட்டம்.

“கருடன்தான். சின்னது, இன்னும் வெள்ளை வரலை. இந்த வயசுல பருந்து மாதிரியேதான் இருக்கும்” என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். “இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தாங்க எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கீங்க” என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அந்தப் பயம் முகத்தில் இல்லை.

பொய் இல்லை என்று சொல்ல வாயெடுத்தவன், அந்த முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். கையைப் பிடித்துப் படியிறக்கி அழைத்துப்போனேன்.

கண் பிழைத்துவிட்டது. அது பொய் இல்லை என்று இன்றுவரை நான் சொல்லவில்லை.