இல்லாத தங்கைக்கு வந்த அழைப்பு

தொண்ணூறுகளின் கடைசியில் செங்கல்பட்டு பஜாரில் ஒரு பாத்திரக்கடைக்கு டேட்டாபேஸ் செய்து கொடுத்தேன். பி.எஸ்ஸி. முடித்து, கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு வருடப் படிப்பும் முடித்து, கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் அப்பாவின் முறைப்பைச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்த காலம். கையில் வேலை இல்லை. தலைக்குள் மட்டும் எந்நேரமும் கட்டம் கட்டமாக ஏதோ ஓடிக்கொண்டே இருக்கும். பஸ்ஸில் உட்கார்ந்தால் டிக்கெட்டையும் பயணியையும் தனித்தனி டேபிளாக, அதாவது அட்டவணையாகப் பிரிப்பேன். அந்த அளவுக்குப் பைத்தியம்.

அந்தப் பைத்தியத்துக்கு ஒரு கூட்டாளியும் இருந்தான். சென்டரில் என் பக்கத்து நாற்காலி. மாமல்லபுரத்துக்காரன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வெள்ளைக்காரர்களுக்கு சைக்கிள் வாடகைக்கு விடுகிற வீடு. நான் டேபிளை யோசிப்பேன், அவன் ஸ்கிரீனை அழகு பண்ணுவான். இரண்டு பேரும் சேர்ந்து கம்பெனி ஆரம்பிப்பது என்று முடிவாகியிருந்தது. பெயர் வைப்பதில்தான் தகராறு.

கடை முதலாளி எங்களைக் கூப்பிட்டபோது நான் ஸ்டாக், பில் என்று பேச ஆரம்பித்தேன். அவர் கையை ஆட்டி நிறுத்தினார்.

"பில்லு கையாலயே போட்டுக்கலாம் தம்பி. இந்த அக்கா தலையில இருக்குறத உள்ள ஏத்து. அது போதும்."

அக்கா அந்தக் கடையில் விற்பனைக்கு நின்றவர். நாற்பது வயது இருக்கும். முதலாளிகூட அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார். கடையே அவர் நினைவில்தான் ஓடியது. எங்கள் பக்கத்தில் இரண்டாவது பெண்ணுக்குச் சீர் வாங்க வருகிறவர்கள் பட்டியல் கொண்டு வரமாட்டார்கள். "பெரியவளுக்கு எடுத்தாமாரியே குடுங்க" என்பார்கள், அவ்வளவுதான். பெரியவளுக்கு எடுத்தது ஆறு வருடத்துக்கு முன்னால். அதில் ஒரு குடம் குறைந்தாலும், அண்டா ஒரு சுற்று சின்னதாகப் போனாலும், அந்தப் பெண்கள் இரண்டு பேரும் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டிக்கொள்வார்கள். அதனால் எது மறந்தாலும் மறக்காத கடைக்கே திரும்பி வருவார்கள். அக்காவுக்கு அந்த வருடம் டைபாய்டு வந்து மூன்று வாரம் படுத்துவிட்டார். நான்கு குடும்பம் பாத்திரம் எடுக்காமல் திரும்பிப் போனது. முதலாளிக்கு அப்போதுதான் கம்ப்யூட்டர் ஞாபகம் வந்தது.

நோட்டு இருந்தது. நாலு நீள நோட்டு. ஆனால் அக்காவைத் தவிர யாருக்கும் புரியாது. "செவப்பு கேட்டு", "பல்லு டாக்டர் எதிர் வூடு", "ஏரிக்கரை மாடி" என்று வீடுகளுக்கு அடையாளம். பெயர் எழுதிப் பிரயோஜனம் இல்லை. ஒரே தெருவில் ஒரே பெயரில் மூன்று பேர், இனிஷியலும் ஒன்று. நான் குதித்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண். இரண்டு வீட்டுக்கு ஒரே எண் வராது. அந்த எண்ணை வைத்து வீட்டு டேபிளையும் வாங்கின சாமான் டேபிளையும் முடிச்சுப் போடலாம். முடிந்தது வேலை!

ஆடி மாதம். முகூர்த்தம் இல்லை, கடை காலி. பித்தளைக் குத்துவிளக்குகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு அக்கா எதிரில் உட்கார்ந்து என் கட்டங்களைப் பேப்பரில் வரைந்து காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார்.

"எல்லாம் சரிபா. தாய்மாமன் வந்து வாங்கினா எந்த வூட்டுல எழுதுவ?"

"வாங்குனவர் வீட்டுல."

"பொண்ணு வேற வூட்டுல கீதே? நாளைக்கு அதும் தங்கச்சிக்கு எடுக்க அப்பங்காரன் வருவான். மாமன் குடுத்தது இன்னான்னு கேப்பான். எங்க போய்த் தேடுவ, மாமன் வூட்லயா?"

பேப்பரைப் பார்த்தேன். என் முடிச்சு எங்கோ தவறான இடத்தில் விழுந்திருந்தது. சாமான் வாங்குகிற வீட்டுக்குச் சொந்தமில்லை. அது ஒரு பெண்ணுக்குச் சொந்தம். ஒரு பெண்ணுக்கு நாலு வீட்டிலிருந்து சீர் வரும், ஒரு வீட்டிலிருந்து நாலு பெண்ணுக்குப் போகும். பேப்பரைக் கசக்கிப் போட்டேன். அன்றைக்கு பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வருவதற்குள் புதிய படம் மனதில் நின்றுவிட்டது. வீடுகள் ஒரு டேபிள். பெண்கள் ஒரு டேபிள், வயதோடு. நடுவில், யார் யாருக்கு என்ன கொடுத்தார் என்று இரண்டையும் கோக்கிற மூன்றாவது டேபிள். மொத்தத்துக்கும் மையத்தில் பெண்கள்.

நோட்டைக் கொடுக்கும் முன் அக்கா ஒன்று கேட்டார்.

"பொண்ணுங்க வயசெல்லாம் கீது. என்னிய நம்பித்தான் சொல்லிக்கிறாங்க. இது வெளிய போவாதில்ல?"

"போகாதுக்கா. பாஸ்வேர்டு போட்டுடுவேன்."

"அப்டின்னா?"

"பூட்டு மாதிரி."

"சாவி?"

"என்கிட்டதான்."

"உன்கிட்டன்னா சரி."

என்னிடம் என்றால் கூட்டாளியிடமும் என்றுதான் அர்த்தம். அதை அக்காவிடம் சொல்லத் தோன்றவில்லை. எங்களுக்குள் ஒரே டிபன் பாக்ஸ், ஒரே ஃபிளாப்பி டப்பா, ஒரே பாஸ்வேர்டு.

டேபிள் செய்தால் ஏதாவது போட்டுச் சோதித்துப் பார்க்கவேண்டும். அவசரத்துக்கு எங்கள் குவார்ட்டர்ஸ் விலாசத்தையே ஒரு வீடாகப் போட்டேன். வீடு இருந்தால் பெண் வேண்டும். எங்கள் வீட்டில் நானும் தம்பியும்தான். ஒரு தங்கையை உண்டாக்கினேன். ஒரு பூவின் பெயரை வைத்து, வயது இருபது என்று அடித்தேன். பிறகு ஒரு கேள்வி எழுதினேன்: பதினெட்டு முடிந்தும் இன்னும் சீர் எடுக்காத பெண்கள் யார் யார்? ஒரே வரிதான். ஸ்கிரீனில் முதல் ஆளாக என் தங்கை வந்து நின்றாள். அப்புறம் அக்கா சொல்லச் சொல்ல நோட்டு முழுவதையும், பெண்களின் பெயர், விலாசத்தோடு ஏற்றிவிட்டு அதே வரியைக் கூட்டாளிக்கு ஓட்டிக் காட்டினேன். பெண்கள் மளமளவென்று மேலேறிப் போனார்கள். அவன் விசில் அடித்தான்.

"மச்சான், இது சும்மா ஆட்டம் இல்லடா. இத வெச்சி ஊரையே வளைக்கலாம்."

பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். தங்கையை அழிக்க மறந்துபோனேன்.

கார்த்திகையில் அவனுக்கு வேலை கிடைத்தது. எங்கே என்றால், "மெட்ராஸ் பக்கம்டா" என்றான். கம்பெனி ஒத்திப்போடப்பட்டது. கொஞ்சம் வருத்தம்தான், இருந்தாலும் பஸ் ஸ்டாண்டில் அவனுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

தை பிறந்தது. செங்கல்பட்டிலேயே ஜி.எஸ்.டி. ரோட்டில், திருச்சி போகிற நெடுஞ்சாலையில், கண்ணாடி போட்ட மூன்று மாடிப் பாத்திர ஷோரூம் ஒன்று திறந்தார்கள். திறந்த அடுத்த வாரம் எங்கள் கடைக்கு ஒருவர் கையில் கார்டோடு வந்தார். செவப்பு கேட்டு வீட்டுக்காரர். கடை நடுவில் நின்று கத்தினார்.

"என் பொண்ணு பேரு போட்டு, அவளுக்கு சீரு எடுக்க வாங்கன்னு எவனோ கார்டு போட்றான்யா! அவளுக்கு இன்னும் வரனே பாக்கல. எங்க வூட்டுப் பொண்ணு வயசு ஊருக்கெல்லாம் எப்டித் தெரிஞ்சிது?"

அடுத்த நாள் இன்னும் மூன்று பேர். முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார், கம்ப்யூட்டரிலிருந்து போயிருக்குமா என்று. நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: "சான்ஸே இல்ல சார். பாஸ்வேர்டு போட்டிருக்கேன்."

அந்த ஒரு வாக்கியத்தில் அக்காவின் வேலை போயிற்று. கம்ப்யூட்டர் இல்லையென்றால் நோட்டு; நோட்டைப் படிக்கத் தெரிந்தது ஒரே ஒருவருக்கு. ஷோரூமுக்கு விலைபோய்விட்டாள் என்று முதலாளி முடிவு கட்டினார். அக்கா அழவில்லை. டிபன் கூடையை எடுத்துக்கொண்டு என் பக்கம் வந்தார்.

"நீயாச்சும் சொல்லேன்பா, நான் இல்லன்னு."

நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் சந்தேகம். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. என் டேபிள்கள் ஓட்டையாக இருக்கும் என்று நம்புவதைவிட, அக்கா பொய் சொல்கிறார் என்று நம்புவது எனக்குச் சுலபமாக இருந்தது.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம், போஸ்ட்மேன் எங்கள் வாசலில் நின்று அம்மாவிடம் விசாரணை நடத்திக்கொண்டிருந்தார். இந்தப் பெயரில் டவுன்ஷிப்பில் யாரும் இல்லை, இரண்டு நாள் எடுத்துக்கொண்டு சுற்றிவிட்டேன், விலாசம் மட்டும் உங்களுடையது என்றார். அம்மா திருநெல்வேலி. கார்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"ஏல, நமக்கு ஏதுல பொம்பளப் பிள்ள? எவளோ ஒருத்திக்கு இருவது வயசாம், சீர்வரிசை எடுக்க வரணுமாம். உங்கப்பா ஷிப்டுக்குப் போறேன் போறேன்னு எங்கதான் போறாரு?"

பளபளவென்ற கார்டு. ஷோரூமின் படம். அதன் கீழே, நான் உண்டாக்கிய தங்கையின் பெயர்.

அந்தப் பெண் எந்த நோட்டிலும் இல்லை. அக்கா அவளைப் பார்த்ததே இல்லை. அவள் இருந்தது இரண்டே இடத்தில்: கடைக் கம்ப்யூட்டரில், அப்புறம் எங்கள் இருவருக்கும் பொதுவான அந்த ஃபிளாப்பி டப்பாவில்.

அப்படியே பஸ் ஏறி மாமல்லபுரம் போனேன். அன்றைக்கு அவனுக்கு வார லீவு என்று தெரியும். அவர்கள் வாடகைக் கடை வாசலில் ஒரு சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். புதுச் சட்டை. என்னைப் பார்த்ததும் சிரித்தான், கார்டைப் பார்த்ததும் பம்பை நிறுத்தினான்.

"மெட்ராஸ் பக்கம்னு சொன்ன?"

"செங்கல்பட்டு ஷோரூமும் மெட்ராஸ் பக்கம்தானடா."

"அந்த அக்காவ வேலைய வுட்டு அனுப்பிட்டாங்கடா."

"அதுக்கு நான் இன்னாடா பண்ண? அது வெறும் லிஸ்ட்டு மச்சான். லிஸ்ட் எடுக்குற வரிய எழுதுனது யாரு? நீ. ஓட்டிக் காமிச்சது யாரு? நீ. நான் ஃபிளாப்பில எடுத்துக்கினு போனேன், அவ்ளோதான்."

"புரோகிராம் மேல என் பேரு இருந்துச்சே, அது?"

டயரை அமுக்கிப் பார்த்தான். அந்தப் பெயரை எடுத்துவிட்டு அவன் பெயரைப் போட்டிருந்தான் என்று பிறகு தெரிந்தது. அதுகூட ஆறிவிட்டது. ஆறாதது வேறு. எங்கள் வீட்டுக் கதவு எண் அவனுக்கு மனப்பாடம். அம்மா கையால் எத்தனை நாள் தோசை தின்றிருக்கிறான்! அந்த வீட்டில் பெண் பிள்ளை இல்லை என்று அவனைவிட நன்றாகத் தெரிந்த வெளியாள் கிடையாது. அவன் அந்தப் பட்டியலை ஒருமுறை கண்ணால் படித்திருந்தால் போதும். படிக்கவில்லை. எங்கள் வீடும் செவப்பு கேட்டும் பல்லு டாக்டர் எதிர் வீடும் அவனுக்கு ஒன்றுதான். பிரிண்டரில் வெளியே வருகிற காகிதம்.

கார்டைக் கொடுக்கச் சொல்லிக் கை நீட்டினான். "குட்றா, கிழிச்சிப் போட்லாம். யாருக்குத் தெரியப்போவுது?"

கொடுக்கவில்லை. மறுநாள் காலை முதலாளி மேஜைமேல் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்; பாஸ்வேர்டு இரண்டு பேரிடம் இருந்ததையும், இல்லாத தங்கையையும். அவர் கார்டை மூன்று முறை படித்தார்.

"அப்ப அவ இல்ல."

"இல்ல சார்."

"நீ."

இல்லை, என் கூட்டாளி என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

அக்காவைக் கூப்பிட்டுவர ஆள் போயிற்று. எனக்கு ஒரு கடைசி வேலை கொடுத்தார்: "உள்ள இருக்குறத எல்லாம் தொடச்சிட்டுப் போயிடு." வீடுகளை அழிக்கப் பார்த்தேன், அழியவில்லை. பெண்கள் இருக்கும்வரை வீட்டை அழிக்க விடாதபடி நானே கட்டுப்பாடு போட்டு வைத்திருந்தேன், பெருமையாக. ஆகவே முதலில் சீர், பிறகு பெண்கள், கடைசியில் வீடுகள். ஒவ்வொன்றாக. ஜி.எஸ்.டி. ரோட்டில் எல்லாம் அப்படியே இருக்கிறது என்று தெரிந்துகொண்டேதான் அழித்தேன். அக்கா வந்து சேருவதற்குள் கிளம்பிவிட்டேன். அவர் முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லை.

அஞ்சாறு வருடம் கழித்து, சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு ஐ.டி. கம்பெனியில் எனக்கு வேலையாகியிருந்தது. சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குக் குத்துவிளக்கு வாங்க அம்மா அதே கடைக்குத்தான் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். அக்கா அதே இடத்தில் நின்றார். முன்முடி நரைத்திருந்தது. கையில் புது நீள நோட்டு. விளக்கை எடுத்து வைத்ததும் அம்மா வழக்கம்போல, "எங்க வீட்டையும் எழுதிக்கங்க, கல்பாக்கம்..." என்று ஆரம்பித்தாள்.

அக்கா என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. பேனாவை மூடினார்.

"உன் தங்கச்சிக்கு ஆயிடுச்சாபா கல்யாணம்?"

கடையில் யாருக்கும் புரியவில்லை. அம்மாவுக்கு மட்டும் புரிந்தது. நான் தலையை ஆட்டினேன், ஆம் என்றா இல்லை என்றா, எனக்கே தெரியாது.

"உங்க வூடு வேணாம்மா" என்றார் அக்கா, அம்மாவிடம், மரியாதையாகத்தான். "வெளக்குல இன்னா பேரு வெட்டணும்? அத மட்டும் சொல்லுங்க."

அம்மா கல்யாணப் பெண்ணின் பெயரைச் சொன்னாள். அக்கா அதைத் துண்டுச் சீட்டில் எழுதி, பெயர் வெட்டுகிறவரிடம் கொடுத்தார். மிஷின் கிர்ரென்று ஓடி முடித்ததும் அந்தச் சீட்டை வாங்கி நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார்.