மீன் வயிற்றில் பச்சை

எங்கள் தோட்டத்து வீட்டுக் குழாயின் வாயில் அப்பா ஒரு வெள்ளைத் துணியைக் கட்டியபோது எனக்கு ஒன்பது வயது. தண்ணீரைச் சுத்தப்படுத்துவதற்காக அல்ல, பிடித்து விசாரிப்பதற்காகக் கட்டினார். பால்காரர், பஸ் கண்டக்டர், கடைத் தராசு என்று அவர் சந்தேகப்படாதது குறைவு. அந்த வாரம் எல்லோரும் தப்பித்துக்கொண்டார்கள், தண்ணீர் மாட்டிக்கொண்டது.

தோட்டம் குரங்கணிக்கு மேலே, ஏலச்செடிகளுக்கு நடுவில். பள்ளி விடுமுறை விட்டதும் போடியிலிருந்து ஜீப் ஏறிவிடுவோம். எங்களுக்கு மேலே இருந்தது அத்தை வீட்டுத் தோட்டம். அப்பாவின் அக்கா அவர். மாமாவின் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரை ஒட்டி வருகிற ஓடை எங்கள் படுதாக் குளத்தில் விழும். குழி தோண்டி, கசியாதபடி நீலப் பிளாஸ்டிக் விரிப்பைப் பரப்பிய குளம் அது. சருகு விழாமலிருக்க அதன்மேல் பழைய பச்சை நிழல்வலை ஒன்றை அப்பா இழுத்துக் கட்டியிருந்தார். அங்கிருந்துதான் வீட்டுக்குக் குழாய்.

காலையில் துணியை அவிழ்த்தால் பச்சைப் பச்சையாகப் பொடி. எள்ளில் பாதி இருக்கும்.

போடிக்காரர்களுக்குப் பச்சை என்றாலே ஒரு நினைப்பு ஓடும். வெளுத்த ஏலக்காய்க்குச் சாயம் ஏற்றிப் புதுக்காய் என்று தள்ளிவிடுகிற வேலை அங்கே யாருக்கும் தெரியாததல்ல. அந்த வருஷம் ஏலம் விட்டபோது மாமாவின் காயைத்தான் வியாபாரிகள் அள்ளி அள்ளி முகர்ந்தார்கள். எங்கள் காயை ஒருவரும் இரண்டாம் முறை தொடவில்லை.

“மச்சான் கலர் போடுறாரு,” என்றார் அப்பா.

“காதுகுத்துக்கு இன்னும் ஒரு மாசங்கூட இல்ல. வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க,” என்றாள் அம்மா. அத்தையின் மகளுக்குச் சிலமலைப் பக்கம் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அத்தைக்கு உடன்பிறந்தவர் அப்பா ஒருவர்தான்.

அப்பா வாயைச் சும்மா வைத்துக்கொண்டார். பதிலாக என்னை உளவுக்கு அனுப்பினார். அத்தை எனக்குப் பணியாரம் சுட்டுக்கொடுத்தார். ஏழு சாப்பிட்டேன். துரோகம் செய்யப் போன இடத்தில் அளவாகச் சாப்பிட வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. சாப்பிட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியிலும் சாக்குகளுக்குப் பின்னாலும் குனிந்து பார்த்தேன். பத்துக் காய்களைக் கவுன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்தேன்.

அப்பா அவற்றை ஈரத்துணியில் வைத்துத் தேய்த்தார். துணி வெள்ளையாகவே இருந்தது.

“ஒட்டமாட்டேங்குது பாரு. நயமான கலரு,” என்றார்.

இரண்டு நாள் கழித்து அம்மா குளத்துக் கெண்டை மீன்களை அரிந்தபோது குடலுக்குள் அதே பச்சை. பாசி தின்றிருக்கும் என்றாள். அப்பா விரலில் எடுத்து உருட்டிப் பார்த்தார். பாசி என்றால் நசுங்குமே, இது நசுங்கவில்லையே என்றார். பாசி இல்லை என்றவரை அவர் சொன்னது சரிதான். அதற்கப்புறம்தான் வழி தவறினார். அன்று மீன் குழம்பு கொல்லையில் கொட்டப்பட்டது.

அத்தையும் மாமாவும் தாம்பாளத்தோடு அழைக்க வந்தார்கள். வெற்றிலை பாக்கு, பழம், அப்பாவுக்கு ஒரு புது வேட்டி. அப்பா தாம்பாளத்தைத் தொடவில்லை. துணியில் சேர்த்து வைத்திருந்த பொடியை மாமா முன்னால் விரித்தார்.

மாமா கோபப்படவில்லை. வெந்நீர் கேட்டு வாங்கி, டம்ளரில் அந்தப் பொடியைப் போட்டு ஆட்டினார். பொடி அப்படியே மிதந்தது.

“கலர்னா கரையணுமே மாப்ளே?”

“கரையாத கலரு. மதுரையில விக்கிறாய்ங்க.”

மாமா என் பக்கம் திரும்பினார். “நீதான ஆத்தா அன்னைக்கு மூலைமுடுக்கெல்லாம் பாத்த? சொல்லு, கலர் டப்பா எங்கயாச்சும் இருந்துச்சா?”

நான் உளவு பார்த்தது அவருக்குத் தெரிந்திருந்தது. இல்லை என்று சொன்னால் போதும். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு டிரங்குப்பெட்டி மட்டும் பூட்டியிருந்துச்சு,” என்றேன்.

பொய் இல்லை. அப்பா, கேட்டீர்களா என்பதுபோல மாமாவைப் பார்த்தார். அத்தை எழுந்துவிட்டார். “அந்தப் பெட்டியில இருந்த வேட்டிதான்டா இது,” என்று தாம்பாளத்தை அப்பாவின் காலடியில் வைத்தார். இருவரும் மேலே ஏறிப் போனார்கள்.

காதுகுத்துக்கு நாங்கள் போகவில்லை. அத்தையின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் மடியில் அந்தப் பிள்ளை உட்கார்ந்ததாகக் கேள்விப்பட்டோம். அம்மா அந்த வேட்டியை மடித்து உள்ளே வைத்துவிட்டாள். அப்பா ஓடைத் தண்ணீரை விட்டுவிட்டார். போடியிலிருந்து ஜீப்பில் பிளாஸ்டிக் கேன்களில் தண்ணீர் வந்து, நாள் முழுக்க வெயிலில் நின்று, பிறகு எங்கள் தொண்டைக்குள் இறங்கியது.

இப்போது தோட்டத்தைப் பார்த்துக்கொள்வது நான். இந்த வருஷம் குளத்து வலையை மாற்றலாமென்று பிடித்து இழுத்தேன். வெயிலில் இற்றுப்போன பிளாஸ்டிக், கையோடு உதிர்ந்து வந்தது. உள்ளங்கையில் பச்சைப் பொடி. அம்மாவிடம் துணி கேட்டேன். யாரும் கட்டாத அந்த வேட்டியை எடுத்துக் கொடுத்தாள். இரண்டாகக் கிழித்து, ஒன்றைக் குளத்துக்கு மேலே ஓடையிலும் இன்னொன்றைக் கீழே குழாயிலும் கட்டினேன். மறுநாள் மேல்துணியில் மண்தான் இருந்தது. கீழ்த்துணியில் பச்சை.

அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். விரலில் எடுத்து உருட்டினார்.

“மேல கட்டுன துணிய ஒங்க மாமா அலசி வச்சிருப்பாரு,” என்றார்.

சிரிப்பு வந்தது. ஆனால் என்னால் சிரிக்க முடியவில்லை. அப்பாவாவது அந்தப் பொடியைத் தூரத்தில் தேடினார். நான் அதைக் கையால் செய்தவள். விடுமுறை நாளெல்லாம் குளத்தங்கரையில் குந்தி, வலையின் ஓரத்தைப் பிய்த்து உள்ளங்கையில் தேய்த்து ஊதுவேன். கெண்டைக் குஞ்சுகள் வாயைத் திறந்துகொண்டு மேலே வரும். எனக்கு அது விளையாட்டு, அவற்றுக்கு அது தீனி என்று நினைத்திருந்தேன்.

அத்தை தாம்பாளத்தை வைத்துவிட்டுப் போன அன்றும் குளத்துக்குத்தான் போனேன். செய்தது தப்பு என்று தெரிந்தது, என்ன தப்பு என்று தெரியவில்லை. யாருக்காவது ஏதாவது நல்லது செய்தால் தேவலை போலிருந்தது. அதனால் அன்று மீன்களுக்கு இரண்டு கை கூடுதலாகவே போட்டேன்.