கடையில் விற்ற என் முகம்

நான் கல்யாணமாகி, வத்தேகமவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வந்த மறு வருடம் அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுக்குக் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். யானைகள் ஊர்வலம் போகிற பெரஹரா திருவிழா பார்க்க நானும் வீட்டுக்காரரும் ரயிலேறிக் கண்டிக்குப் போயிருந்தோம். வாவிக்கரையில் கடலை தின்றுகொண்டு நடந்தபோது, ஒரு போட்டோக் கடை வாசலில் நின்ற பெரியவர் எங்களைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்துப் பெண்ணைப் படம் எடுத்துத் தபால் அட்டையாகப் போட்டால் வெள்ளைக்காரர்கள் விரும்பி வாங்குகிறார்களாம். வந்து நின்றால் ஒரு சேலை தருகிறேன் என்றார். என் வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல். எனக்கும் ஆசைதான், ஏன் பொய் சொல்ல வேண்டும்.

உள்ளே ஒரு பெட்டி நிறைய நகை, எல்லாம் பித்தளை. அட்டிகை, வளையல், மூக்குத்தி, ஒட்டியாணம் என்று என்மேல் ஏற்றினார். ஒட்டியாணம் கட்டிக்கொண்டு எந்த மகராசி கொழுந்து பறிக்கப் போகிறாள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்காதே, பல் தெரியக் கூடாது என்றார். பறிப்பதற்குத் தேயிலைச் செடிகூட அங்கே இல்லை. பூந்தொட்டியில் ஏதோ குரோட்டன் செடி வைத்திருந்தார். பக்கவாட்டில் பார்க்கச் சொன்னார். கொழுந்தெடுக்கிறவர்களின் விரல் கறை பிடித்துக் கறுத்திருக்கும். எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அதைக் கண்டதும் அவர் முகம் சுளித்தார்.

"பிள்ளை, அந்தக் கையை இலைக்குள்ள மறைச்சுப் பிடி."

மறைத்தேன்.

சில மாதம் கழித்து வீட்டுக்காரர் கண்டியிலிருந்து அந்த அட்டையை வாங்கி வந்தார். கலர் தீட்டியிருந்தார்கள். கன்னத்தில் ரோஸ் நிறம். இலைக்கு வெளியே தெரிந்த விரல்கள் உரித்த பூண்டுப் பல் மாதிரி வெளுத்திருந்தன. அதை, தோட்டத்து வரிசை வீட்டில் எங்களுக்கிருந்த ஒற்றை லயக் காம்பராவின் சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். தினமும் வேலை விட்டு வந்ததும் அட்டையைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், திரும்பவும் அட்டையைப் பார்ப்பார். என் வீட்டிலேயே எனக்கு ஒரு சக்களத்தி வந்துவிட்டாள், அதுவும் என் மூஞ்சியோடு.

சிரிக்கிற விஷயம் போலத் தோன்றும். ஆனால் போகப் போக எனக்கு ஏதோ ஆகிவிட்டது. சிரிப்பு வந்தால் கை தானாக வாயை மூடியது. கொழுந்து மலையில் நிற்கும்போது கழுத்து பக்கவாட்டில் திரும்பிக்கொண்டது. கண்ணாடியில் பார்த்தால், இவள் யார், இங்கே என்ன செய்கிறாள் என்று இருந்தது. யாராவது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு ஒருத்தியைக் கூப்பிடுவது போலவே கேட்கும். என் உடம்பு மட்டும் விடியற்காலையில் பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, கொழுந்தெடுத்து, சோறாக்கிவிட்டுப் படுத்தது. நான் எங்கே இருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. மிகவும் பயந்துபோனேன். சொன்னால் பேய் பிடித்ததென்று வேப்பிலை அடிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் துரை பங்களாவுக்கு வந்த வெள்ளைக்கார அம்மா ஒருத்தி, அதே அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நாங்கள் வேலை செய்த மலைக்கே வந்துவிட்டாள். படத்தில் இருக்கும் பெண் இந்தத் தோட்டத்தில்தான் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டாளாம், பார்க்க வேண்டுமாம். கங்காணி என்னைக் காட்டினார். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், பிறகு என் கையைப் பார்த்தாள். இவளில்லை என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

நான் இல்லையாம். கூட நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்கு முதலில் அழுகை வந்தது. அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு கோபம், அதற்கு முன்பும் பின்பும் அப்படி வந்ததில்லை. கூடை நிறைகிறவரைக்கும் என் கையையே பார்த்துப் பார்த்துப் பறித்தேன். இது என் கைதான். இந்தக் கைக்கு என்ன குறை?

அடுத்த பெரஹராவுக்குப் போட்டோக்காரர் ஆளனுப்பினார், இன்னொரு படம் வேண்டுமென்று. வீட்டுக்காரர் எதிர்பார்க்கவே இல்லை, நான் உடனே கிளம்பிவிட்டேன். போன தடவை போட்டோக்காரர் கொடுத்த சேலையையும் மடிப்புக் கலையாமல் எடுத்துக்கொண்டேன். அதை நான் ஒரு நாளும் கட்டியதில்லை.

திரும்பவும் அதே பித்தளை, அதே குரோட்டன். அவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, வெளியே வந்து, படம் பிடிக்கிற பெட்டியின் மூடியைக் கழற்றினார். திரும்ப மூடுகிற வரைக்கும் ஆடக் கூடாது. நான் மெதுவாகத் தலையைத் திருப்பிப் பெட்டியை நேரே பார்த்தேன். படம் கெட்டது. படம் பதிகிற இன்னொரு கண்ணாடித் தட்டைப் போட்டார். அப்போதும் திரும்பினேன். அதற்கடுத்ததும் போயிற்று.

"என்ன புள்ள, மானத்த வாங்குற" என்று வீட்டுக்காரர் பல்லைக் கடித்தார்.

போட்டோக்காரர் நெற்றியைத் துடைத்தார். "இப்ப உனக்கு என்னதான் வேணும்?"

"இந்தக் கையாலதாங்கய்யா கொழுந்து எடுக்கிறேன். இது தெரியிற மாதிரி எடுங்க. ஆடாம நிக்கிறேன்."

"அந்தப் படத்தை ஆர் வாங்குவினம்?"

"யாரும் வாங்க வேணாம். நானே வாங்கிக்கிறேன்" என்று சேலையை மேசைமேல் வைத்தேன்.

அவர் சேலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். புதுத் தட்டு ஒன்றை எடுத்துப் பெட்டிக்குள் செருகினார். பித்தளையெல்லாம் கழற்றினேன். பத்து விரலையும் நெஞ்சுக்கு முன்னால் வைத்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டு, பெட்டியை நேருக்கு நேர் பார்த்து நின்றேன். ஒரு மயிர்கூட ஆடவில்லை.

படம் கைக்கு வந்த அன்று பழைய அட்டையைக் கழற்றச் சொன்னேன். அதுவும் இருந்துவிட்டுப் போகட்டுமே என்றார் வீட்டுக்காரர்.

"அவ இருந்தா நான் போறேன். யார் வேணும்னு நீங்களே சொல்லுங்க."

கொஞ்சம் யோசித்தார். அந்த யோசனைக்காகவே அன்று அவருக்குச் சோறு தாமதமாகத்தான் கிடைத்தது. கடைசியில் அவரே எழுந்து, நகத்தால் சுரண்டி எடுத்து அடுப்பில் போட்டார். ரோஸ் கன்னமும் பூண்டு விரலும் நன்றாகவே எரிந்தன.

கறுத்த விரல்களோடு அந்தப் படம் இன்றும் என் சுவரில் இருக்கிறது. அதில் தெரிகிற பல்லில் பாதி இப்போது இல்லை. என்றாலும் பார்த்தவுடன் நான்தான் என்று தெரிகிறது. இப்படி நில், அப்படிப் பார், அதை மறை என்று எனக்குச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கத்தான் செய்கிறார்கள். நான் நேரே திரும்பிப் பார்க்கிறேன், அவர்கள் படம் கெட்டால் கெடட்டும்.