நாடா கட்டிய பட்டம்

பஸ் நிலையத்துக்கு எதிரே கோழிக்கஞ்சி விற்கும் ஃபெலியை அந்தக் கடற்கரை ஊரே மானாங் ஃபெலி, அதாவது ஃபெலி அக்கா, என்றுதான் கூப்பிடும். இஞ்சியைத் தாராளமாகத் தட்டிப் போடுவாள். விடிகாலை பஸ் டிரைவர்கள் அவளிடம் வயிற்றை நிரப்பிக்கொண்டுதான் வண்டியை எடுப்பார்கள். நல்ல வாயாடி. ஆனால் புருஷனைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் கரண்டியால் பானை அடியைச் சுரண்ட ஆரம்பித்துவிடுவாள்.

அன்செல்மோ சவுதியில் வெல்டராக இருந்தவன். கல்யாணமான மறுவருஷமே போனான். அங்கே சாரம் சரிந்து செத்துப்போனான். போன் வசதி இல்லாத அந்தக் காலத்தில், வெளிநாட்டுக்குப் போனவர்கள் பேச்சைக் கேசட்டில் பதிந்து வீட்டுக்கு அனுப்புவது வழக்கம். அவன் கடைசியாகப் பேசி அனுப்பிய கேசட், அவனைப் புதைத்த பிறகுதான் வந்து சேர்ந்தது.

ஃபெலி அதை ஓயாமல் போட்டுக் கேட்டாள். போடப் போடக் குரல் கரகரத்துத் தேய்ந்தது. பயந்துபோய் ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்து, குழந்தை ஏசு சிலைக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். பிறகு டேப் ரெக்கார்டரும் கெட்டது. அதைச் சரிபார்க்க அவள் முயலவே இல்லை. கேட்காமல் இருக்கும்வரை குரல் பத்திரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

பிள்ளையில்லாத அந்த வீட்டுக்குத் தங்கை மகள் லுஸ்மின் வந்து ஒரு வருஷமாகிறது. தகப்பன் எப்போதோ ஓடிவிட்டான். தாய் மெர்லின் வளைகுடாவுக்கு வீட்டுவேலைக்குப் போனாள். வாராவாரம் வந்த போன், மாதத்துக்கு ஒன்றாகி, அப்புறம் நின்றேபோனது. அனுப்பிவைத்த ஏஜென்ட் போனை எடுப்பதில்லை. இன்னொரு புதைகுழி ஃபெலியின் கண்ணுக்குள்ளேயே நின்றது. குழந்தை கேட்டால் மட்டும், "அங்க சிக்னல் இல்லடி" என்று சமாளித்தாள்.

வாடைக்காற்று பலத்ததும் ஊர்ப் பிள்ளைகள் பட்டத்தோடு கடற்கரைக்கு ஓடினார்கள். பட்டத்தின் தலையில் மூங்கிலை வில்லாக வளைத்து, பழைய கேசட் நாடாவை விறைப்பாக இழுத்துக் கட்டினால், மேலே ஏறியதும் 'உம்ம்' என்று இரையும். லுஸ்மினும் பிளாஸ்டிக் பையில் ஒரு பட்டம் கட்டிவைத்திருந்தாள்.

அன்று கஞ்சி சீக்கிரமே தீர்ந்தது. ஃபெலி வீட்டுக்குள் நுழைந்தபோது டப்பா திறந்து கிடந்தது. பக்கத்தில் கேசட்டின் வெறும் கூடு. தரையெல்லாம் பழுப்பு நிற நாடாத் துண்டுகள்.

செருப்பைக்கூட மாட்டாமல் கடற்கரைக்கு ஓடினாள். லுஸ்மினின் பட்டம் தென்னைகளுக்கும் மேலே நின்று இரைந்துகொண்டிருந்தது. ஃபெலி குழந்தையின் தோளைப் பிடித்துத் திருப்பி முதுகிலும் கன்னத்திலும் அறைந்தாள். நூல் கைநழுவியது. பட்டம் தலைகுப்புறச் சரிந்து ஒரு வாதுமை மரத்தில் போய்ச் சிக்கியது.

ஆட்டோ ஓட்டும் கானோர் ஓடிவந்து நடுவில் புகுந்தான். "மானாங், விடு. புள்ளைய கொன்னுடுவ போல."

"இவ என்ன பண்ணிட்டாள்னு தெரியுமா? அவரு குரலுடா அது. அவரு குரலு."

லுஸ்மின் கன்னத்தைப் பொத்திக்கொண்டு தேம்பினாள். "அது சும்மாதானே பெரியம்மா கெடந்துச்சு. நீங்க ஒருநாள்கூட போட்டுக் கேக்கலியே."

ஃபெலி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

கானோர் மரத்தில் ஏறிப் பட்டத்தை இறக்கிக்கொண்டு வந்தான். நாடா ஒரு முழம்தான் ஒழுங்காக இருந்தது. "மிச்சத்தையும் பொறுக்கி ஒட்டிப் பாக்கலாமா மானாங்? என் மச்சான் ரேடியோக்கடை வச்சிருக்கான்."

அவள் அந்த நாடாவை விரலில் சுற்றிப் பார்த்தாள். அவன் பேசிய எந்த வார்த்தை இதில் இருக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்? "வேணாம்டா," என்றாள்.

சாயங்காலம் சோறும் கருவாடும் வைத்தாள். லுஸ்மின் தட்டைத் தொடவில்லை. மெல்லக் கேட்டாள்: "பெரியப்பா அதுல என்ன சொன்னாரு?"

ஃபெலி யோசித்தாள். வரிசையாக ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. துண்டு துண்டாகத்தான் வந்தது. "ரூமுல கூட இருந்த ஆளு குறட்டை விடுவானாம். அதை அப்படியே பண்ணிக் காட்டுனாரு."

"எப்படி?"

ஃபெலி மூக்கை உறிஞ்சி, பன்றி உறுமுவதுபோலக் குறட்டை விட்டுக் காட்டினாள். வீங்கிய கன்னத்தோடு குழந்தை சிரித்துவிட்டது. சிரிப்பு அடங்கியதும், "அம்மா செத்துப்போயிட்டாங்களா?" என்றாள்.

சிக்னல் என்று சொல்ல ஃபெலிக்கு வாய் வரவில்லை. "தெரியலடி. நானும் அந்தப் பயத்துலதான் இருக்கேன். உன்னை அடிச்சதுகூட அந்தப் பயத்துலதான்னு நெனைக்கிறேன். அதுக்காக அடிச்சது சரின்னு சொல்லல."

லுஸ்மின் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். ஃபெலி அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் கஞ்சிப் பானை அடுப்பில் ஏறவில்லை. மிஞ்சிய நாடாவை ஃபெலியே மூங்கில் வில்லில் இழுத்துக் கட்டி, "போய் விடு. மத்தியானம் கிளம்பணும், நேரத்துக்கு வந்துடு" என்று பட்டத்தைக் கையில் கொடுத்தாள். மத்தியான பஸ்ஸில் இருவரும் நகரத்துக்குப் போய், வெளிநாட்டில் வேலை செய்பவர்களுக்கான அலுவலகத்தில் மெர்லினின் போட்டோவைக் கொடுத்தார்கள். அதன்பிறகு பல தடவை போனார்கள். பெஞ்சில் காத்துக் கிடந்தார்கள். ஒரு தடவை ஃபெலி சத்தம் போட்டதால் காவலாளி அவளை வெளியே தள்ளினான்.

மழை தொடங்கும் சமயத்தில், வளைகுடாவில் உள்ள தங்கள் நாட்டுத் தூதரகத்திலிருந்து போன் வந்தது. மெர்லின் வேலைசெய்த வீட்டிலிருந்து தப்பி வந்து, அவர்களுடைய காப்பகத்தில் இருக்கிறாளாம். பாஸ்போர்ட் கையில் இல்லை. எப்போது அனுப்புவார்கள் என்று சொல்லத் தெரியவில்லை.

"அக்கா," என்றது ஒரு நைந்த குரல். "புள்ள சாப்புடுறாளா?"

"சாப்புடுறா. நீயே கேளு," என்று ஃபெலி போனைக் குழந்தையின் காதில் வைத்தாள். லுஸ்மின் போனை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் தாய் அழுவதைக் கேட்டபடியே நின்றாள்.