மழை நிற்கவில்லை, விசா கிடைத்தது

போன டிசம்பர் புயலில் சென்னை விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். என் கையில் லண்டன் டிக்கெட். மாணவர் விசா முடிய இரண்டே நாள். இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். இங்கிலாந்தில் படித்து முடித்தவர்கள் அங்கேயே வேலை பார்க்க இன்னொரு விசா உண்டு. ஆனால் பழைய விசா முடியும் முன்னால், அந்த மண்ணில் இருந்துகொண்டுதான் விண்ணப்பிக்கணும். அதுவும் ரிசல்ட் வந்த பிறகு. எனக்கோ ரிசல்ட் இழுத்துக்கொண்டே போனது. அதற்குள் திருவல்லிக்கேணியில் தங்கச்சி நிக்காஹ். அத்தா உயிரோடு இல்லை, மவுத்தாகிவிட்டார். அதனால் நான்தான் வலி, அதாவது பெண்ணுக்குப் பொறுப்பாக நின்று நடத்திக் கொடுப்பவன்.

"வலியா நிக்கப் போறேன்டா" என்றேன், லண்டன் ரூம்மேட் கார்த்தியிடம். அவன் தி.நகர் பையன். "வலின்னா மாத்திரை போடு மச்சி, ஃப்ளைட் எதுக்கு?" என்றான்.

அத்தாவின் தம்பி, சாச்சாவிடம் பொறுப்பைக் கொடுத்திருக்கலாம். தங்கச்சி போனில், "நீ வர்றியா இல்லையா, அதை மட்டும் சொல்லு" என்றாள். வந்துவிட்டேன்.

நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் ரிசல்ட் வந்தது. பாஸ். கூடவே புயலும் வந்தது.

ஏர்லைன்ஸில் போனையே எடுக்கவில்லை. விசா இல்லையென்றால் வேலை இல்லை என்று, லண்டனில் என்னை எடுத்திருந்த கம்பெனி சொல்லிவிட்டது. தொழுகையில் ஸஜ்தாவில் விழுந்து அழுதேன். யா அல்லாஹ், இந்த மழையை நிறுத்து. திரும்பத் திரும்ப அதையே கேட்டேன். மழை இன்னும் வலுத்தது.

தொழுது எழுந்தால், வாசலில் தங்கச்சி மாப்பிள்ளை இர்ஃபான் சொட்டச் சொட்ட நிற்கிறார். ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை வைத்திருப்பவர். பட்டறை டெம்போவோடு வந்திருந்தார்.

"மச்சான், பெங்களூர்ல ஃப்ளைட் ஓடுதாம். ஏறுங்க."

"புது மாப்பிள்ளை, உங்களைப் போய்..."

"உங்க தங்கச்சி உத்தரவு. போகலைன்னா எனக்கு வீட்ல சோறு கிடையாது."

ஸ்ரீபெரும்புதூர் வரை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனோம். வழியில் ஏர்லைன்ஸ் லைன் கிடைத்தது. புயலில் ரத்தான டிக்கெட் என்பதால் பெங்களூரிலிருந்து கிளம்பும் ஃப்ளைட்டுக்கே மாற்றித் தந்தார்கள். லண்டனில் அதிகாரி விசா தேதியைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். தங்கச்சி கல்யாணம் என்றேன். வாழ்த்திவிட்டு உள்ளே விட்டார். விமான நிலையத்து நாற்காலியிலேயே உட்கார்ந்து விண்ணப்பித்தேன். விசா வந்தது. அதே கம்பெனியில் வேலையும் சேர்ந்துவிட்டேன். அல்ஹம்துலில்லாஹ்.

நான் மழையை நிறுத்தச் சொன்னேன். அவன் மழையில் ஓடும் வண்டியை அனுப்பினான். எந்த நிக்காஹ்வால் எல்லாம் போச்சு என்று நினைத்தேனோ, அந்த நிக்காஹ் கொடுத்த உறவுதான் அந்த வண்டியை ஓட்டியது. இப்போதெல்லாம் துஆ கேட்கும்போது நான் அவனுக்கு யோசனை சொல்வதில்லை. கஷ்டத்தை மட்டும் சொல்கிறேன். நீங்களும் கேளுங்கள். கேட்டுவிட்டு, வாசலை ஒருமுறை எட்டிப் பாருங்கள்.