செபஸ்தியம்மாள் பர்சில் இருந்த சிம்

அக்காள்மடத்துச் செபஸ்தியம்மாளுக்கு ஒரு பழக்கம். புருஷன் ஜெயபால் கடலுக்குக் கிளம்பினால் அவர் போனிலிருந்து சிம்மைக் கழற்றித் தன் பர்சில் போட்டுக்கொள்வாள். பாட்டுக் கேட்கவும் டார்ச் அடிக்கவும் வெறும் போன் மட்டும் படகேறும். நடுக்கடலில் அந்தக் கரை நாட்டு டவர் இழுத்துக் காசைக் கறந்துவிடுமாம். போன் தண்ணீரில் விழுந்தாலும் நம்பராவது மிஞ்சுமாம். கேட்கிறவர்களுக்கெல்லாம் இந்தப் பதில்தான்.

உள்ளுக்குள் கணக்கு வேறு. சிம்மை வாங்கவாவது மனுசன் வீட்டுக்கு வந்துதானே ஆகணும்! வெளியே சொன்னால் ஊரே கைகொட்டிச் சிரிக்கும். வாக்கப்பட்ட நாளிலிருந்து கடலைக் கண்டாலே பயப்படுகிறவள், பாவம், எதைத்தான் பிடித்துக்கொள்வாள்? அந்தோணியாருக்கு மெழுகுதிரி ஏற்றுவாள், பர்சில் சிம்மையும் வைப்பாள். அந்தோணியார் கோவித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஜெயபாலும் திரும்பி வந்ததும் கால்கூடக் கழுவாமல், "சிம்மைக் குடு" என்றுதான் வாசலில் நிற்பார்.

இந்த வருசம் மூத்தவள் ஷெரினுக்கு மஸ்கட்டில் பிள்ளை பிறந்தது. பேரனைப் பார்க்க ரெண்டு பேரும் விமானம் ஏறினார்கள். போகுமுன் இளையவள் ஜெப்சி, அய்யா ஜெயபாலின் நம்பரை இ-சிம்மாக மாற்றிக் கொடுத்தாள்.

"இனி ஒங்க நம்பரு போனுக்குள்ளயே இருக்கும்யா. அந்த ஊரு சிம்மை இந்த எடத்துல போட்டுக்கங்க. ரெண்டும் வேலை செய்யும்."

செய்யத்தான் செய்தது. ஜெயபால் மஸ்கட்டில் பேரனை மடியில் போட்டுக்கொண்டே, கிழிந்த வலைக்காகப் படகுப் பங்காளியோடு தன் சொந்த நம்பரில் சண்டை போட்டார். செபஸ்தியம்மாளுக்கு ஒரே பெருமை.

மஸ்கட் சிம்மைக் கழற்றிப் போட்டுவிட்டு ஊர் திரும்பி, முதல்முறையாக அவர் கடலுக்குக் கிளம்பிய காலையில்தான் வந்தது வினை. வழக்கம்போல ஊசியைக் குத்திச் சிம் தட்டை இழுத்தாள். காலி.

"ஏங்க! சிம்மைக் காணோம்!"

பல் விளக்கிக்கொண்டிருந்த ஜெப்சி ஓடி வந்தாள். "அதான் அன்னைக்கே சொன்னேன்லம்மா, உள்ள இருக்குன்னு. அதைக் கழட்ட முடியாது."

"கழட்ட முடியாததெல்லாம் ஒரு சிம்மாடி? அப்ப அழிச்சு விடு!"

"அழிச்சா மறுபடி கடைக்குத்தான் அலையணும். ஒனக்கு என்ன பயம்? அந்தக் கரை டவரா? ரோமிங்கை நிப்பாட்டியாச்சு. போன் தண்ணிக்குள்ள போனாலும் அதே நம்பரை வேற போன்ல வாங்கிக்கலாம்."

சொல்லிவந்த ரெண்டு காரணத்தையும் மகள் ஒரே மூச்சில் உடைத்துவிட்டாள். சொல்லாத காரணத்தை எந்த வாயால் சொல்ல? செபஸ்தியம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கஞ்சித் தூக்கை டங்கென்று பைக்குள் வைத்தாள்.

"என்னமோ பண்ணுங்க. என்னைய யாரு கேக்குறா!"

ஜெயபால் பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனார். நின்றார். திரும்பி வந்து சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். பழைய சிம்.

"அய்யா, அது செல்லாத சிம்முய்யா!" என்று ஜெப்சி சிரித்தாள்.

"ஒனக்கு என்னத்தா தெரியும்? நீ போய் வாயைக் கொப்புளி." அவர் பெண்டாட்டியைப் பார்த்தார். "பர்சுல வையி செபஸ்தி. நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்."

செபஸ்தியம்மாள் திகைத்துப்போனாள். "அடப் பாவி மனுசா! அப்ப இத்தனை வருசமும் தெரிஞ்சுதான் இருந்தீகளா?"

"பின்ன? கால்கூடக் கழுவாம வந்து கேக்குறேனே, எதுக்காம்?"