அறுந்த வார்

ரப்பர் செருப்பு குதிகாலில் 'சடக் சடக்'கென்று அடிக்கிற சத்தத்தை வைத்தே அன்றைக்கு அம்மாவுக்கு வலி எப்படி என்று சொல்லிவிடுவேன். குறைவாக இருந்தால் இரண்டு காலிலும் ஒரே சத்தம். அதிகமானால் வலது காலைத் தரையோடு இழுத்துக்கொண்டு வருவாள். எண்பதுகளின் கடைசியில் நாங்கள் சேலையூரில் குடியிருந்தபோது, தினமும் பயந்துகொண்டேதான் அந்தச் சத்தத்துக்குக் காது கொடுப்பேன்.

எங்கள் தெருவில் அதற்கு 'குதிநரம்பு வலி' என்று பெயர். அது நரம்பில்லை, கெண்டைச் சதையையும் குதிகாலையும் சேர்த்துப் பிடித்திருக்கும் நாண் என்று விளக்கிய டாக்டர், "தட்டைச் செருப்ப விட்டுடுங்கம்மா. குதிகால் கொஞ்சம் உசந்து, பின்பக்கம் கெட்டியாப் பிடிக்கிற ஷூவாப் போடுங்க. இப்படியே விட்டா அறுந்துகூடப் போகலாம்" என்றார். எனக்கு 'அறுந்து' மட்டும் மண்டையில் உட்கார்ந்துகொண்டது. எனக்குத் தெரிந்து அறுவது செருப்பு வார்தான். அதுபோலவே அம்மாவின் காலும் ஒருநாள் 'பட்'டென்று அறுந்து தொங்கும் என்று நம்பினேன்.

அம்மாவோ மசியவில்லை. மேற்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் அவள் தமிழாசிரியை. நானும் அங்கேதான் நாலாம் வகுப்பு. "புடவைக்கு ஷூ போட்டுட்டுப் போனா பசங்க பி.டி. டீச்சர்னு சிரிக்க மாட்டாங்க?" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். பள்ளி ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். ஸ்டேஷன் நடைபாலத்துப் படி ஏறினால் உயிர் போகிறது என்று, ரயில்வே சுவரிலிருந்த 'சந்து' வழியாகத் தண்டவாளத்தைத் தாண்டத் தொடங்கினாள். அவள் கையைப் பிடித்தபடி இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நானும் தாண்டுவேன்.

ஒருநாள் சாயங்காலம் வீடு திரும்பும்போது, நடுத் தண்டவாளத்தில் 'பட்'டென்று கேட்டது. அம்மா நின்றுவிட்டாள். அறுந்துவிட்டது என்று நான் வீறிட்டேன். தூரத்தில் மின்சார வண்டியின் ஹார்ன். அவளோ குனிந்து ஜல்லிக்குள் எதையோ துழாவினாள். எதிர்ப்பக்கம் பூ விற்றுக்கொண்டிருந்த அக்கா கத்தினாள்: "செருப்ப உடும்மா! வண்டி வந்துகினு கீது! புள்ளைய இஸ்துகினு வா!"

அறுந்தது வார்தான் என்று அப்போதுதான் புரிந்தது. ஒற்றைச் செருப்போடு நொண்டி நொண்டி நாங்கள் சுவரோரம் வந்து விழவும் வண்டி கடந்து போகவும் சரியாக இருந்தது. வண்டி போன பிறகும் அம்மா என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். வண்டியைவிட அந்தப் பிடிதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. அதுவரை அம்மாவுக்குப் பயம் வரும் என்றே எனக்குத் தெரியாது.

வீட்டுக்குப் போகாமல் நேரே கேம்ப் ரோட்டுச் செருப்புக் கடைக்குப் போனோம். பெண்கள் வரிசையில் எல்லாம் தட்டை, இல்லாவிட்டால் 'ஹீல்ஸ்'. பையன்கள் வரிசையிலிருந்து ஒரு கறுப்பு ஷூவை எடுத்து, குதிகால் பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். மடங்கவில்லை.

"பையனுக்கா மேடம்?"

"எனக்குத்தான்."

மறுநாள் பசங்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். வலி போகப் பல மாதங்கள் ஆயின. ஆனால் அன்று முதல் படிக்குப் படி நின்று நின்று பாலத்தின் மேல்தான் போனோம்.

இன்று சுவரிலிருந்த அந்தச் சந்து அடைபட்டுவிட்டது. அகலப் பாதை வந்தபின் அந்தப் பழைய மீட்டர் கேஜ் தண்டவாளமும் இல்லை, அம்மாவும் இல்லை. புடவையும் ஷூவுமாகப் போகும் பெண்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனாலும் பாலத்தில் போகும்போது ஹார்ன் கேட்டால் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்க்கிறேன், தண்டவாளத்தில் யாராவது குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார்களா என்று.